எல்லாக் கட்டத்திலும் டிக்

காங்கேயத்துக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள் நீளமாக ஓர் ஓட்டு வீடு. தவமணி அம்மாள் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் போல அவரைத் தேடி வருவார்கள். ஒரு மணி நேரம் அவரோடு சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மதியச் சாப்பாடு. அவ்வளவுதான். வாசலில் பலகை கிடையாது, உள்ளே உண்டியல் கிடையாது.

வருகிறவர்களில் சென்னியப்பன் ஒருவர். டவுனில் பெரிய கல்யாண மண்டபத்தின் மேனேஜர். ஆயிரம் பேர் சாப்பிடும் பந்தியில் கடைசி இலைக்கும் சாம்பார் சூடாகப் போய்ச் சேரும் என்று பெயர் வாங்கியவர். தவமணியைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். தவமணி அவரை ‘அண்ணா’ என்பார்.

அந்த ஞாயிறு சென்னியப்பனால் உட்கார முடியவில்லை. கால்களை மாற்றிப் போட்டார். தொண்டையைச் செருமினார். பக்கத்தில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும்படி பெருமூச்சு விட்டார். எல்லாரும் எழுந்து போனதும், பையிலிருந்து தடிமனான நோட்டு ஒன்றை எடுத்துத் தவமணியின் முன்னால் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்று சொல்ல வேண்டும்.

“என்னங்ணா இது?”

“பிளானருங்க. எம் புள்ளைக்கு நானே செஞ்சது. பாருங்க.”

தவமணி பிரித்துப் பார்த்தார். நாளுக்கு ஒரு பக்கம். மண்டபத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டியிருந்தார் சென்னியப்பன். பொன்னிறத்தில் அன்னங்கள், ஓரத்தில் மாவிலைத் தோரணம், மூலைக்கு மூலை ஒரு மயில். நடுவில் வரிசையாகக் கட்டங்கள். பல் தேய்ப்பது, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், வீட்டுப்பாடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

“அழகா இருக்குதுங்ணா.”

“அழகா இருந்து என்ன பண்றதுங்க?”

“எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்குதே.”

“அதுதாங்கம்மா. எல்லாம் டிக். ஒண்ணுகூட நடக்கல.”

சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நாளாக நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்ததைக் கொட்டத் தொடங்கினார்.

“நாலாவது படிக்கறாளுங்க. மிருதுளான்னு பேரு. ஸ்கூலுக்குக் கொண்டு போறது எதுவும் வீட்டுக்குத் திரும்பி வராது. தண்ணி பாட்டில் போச்சு. டிபன் பாக்ஸ் மூடி போச்சு. ஒரு கால் சாக்ஸ் போச்சு. ஒரு கால் சாக்ஸ் மட்டும் எப்படிங்கம்மா தொலையும்? ஷூவப் போட்டுட்டுத்தானே வர்றா?”

“தெரியலீங்ணா.”

“கொஞ்சிப் பாத்தேன், கத்திப் பாத்தேன். ஸ்கூல் வாட்சப் குரூப்புல ஒரு அம்மா போட்டிருந்தாங்க. கண்ணுக்கு அழகா ஒரு பிளானர் செஞ்சு குடுங்க, புள்ளைங்க தானா ஒழுங்குக்கு வந்துரும்னு. சரின்னு கத்திரியும் பசையும் எடுத்து உக்காந்தேன். விரலெல்லாம் ஜிகினா. மண்டபத்துல வேலை செய்யறவங்க சிரிச்சாங்க. பரவால்லைன்னு செஞ்சேன்.”

அவரே நோட்டை இழுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“வெள்ளிக்கிழமை. இங்க பாருங்க. தண்ணி பாட்டில், டிக். பாட்டில் கிளாஸ்லயே கெடக்குது. வீட்டுப்பாடம், டிக். மிஸ் என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேக்கறாங்க. பல் தேய்ச்சாச்சு, டிக். பிரஷத் தொட்டுப் பாத்தா காஞ்சு கெடக்குது. மறதியப் பொறுத்துக்கலாங்கம்மா. பொய்யப் பொறுத்துக்க முடியல.”

சென்னியப்பனின் குரல் இறங்கியது.

“அன்னிக்கு ஸ்கூல் கேட்டுக்கு வெளிய, மத்த புள்ளைங்க முன்னால, கைய ஓங்கிட்டனுங்க. அடிக்கல. ஆனா அவ கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசறதில்ல. கேட்டா, ‘டிக் பண்ணிட்டேன்ப்பா’ங்கறா. அது ஒண்ணுதான்.”

நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே மறுபடி சொன்னார்.

“ஆயிரம் பேரக் கட்டி மேய்க்கறேன். ஒரு புள்ளைய ஒழுங்குபடுத்த முடியல. என்ன பண்ணட்டுங்க?”

தவமணி நோட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

“இன்னிக்குப் பந்தி நீங்க பரிமாறுங்ணா.”

சென்னியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கேட்டதற்குப் பதில் இல்லையே என்று எரிச்சல். ஆனால் பந்தி என்றதும் கை தானாகத் தயாராகிவிட்டது. பின்கட்டில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இலைக் கட்டை எடுத்தார்.

“இலை போடுங்க,” என்றார் தவமணி. அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“போடறனுங்க.”

“நுனி அவங்களுக்கு இடது பக்கம் வரணும்.”

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். தவமணி சிரிக்கவில்லை.

“தண்ணி தெளிங்க.”

“தெளிக்கறேன்.”

“உப்பு.”

“அம்மா, இருவது வருசமா பந்தி பாக்கறனுங்க.”

“தெரியுங்ணா. உப்பு.”

அவர் உப்பு வைத்தார். பொரியல் வாளியைத் தூக்கினார். “பொரியல்,” என்றார் தவமணி. கூட்டுக்குக் கை நீட்டினார். “கூட்டு.” சென்னியப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஊறுகாயை எடுக்கப் போனார். “கூட்டுங்ணா, கூட்டு.” அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களில் ஓர் இளம்பெண் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மூன்றாவது வரிசைக்குள் சென்னியப்பன் எதையும் யோசிப்பதை விட்டுவிட்டார். பின்னாலிருந்து குரல் வரும் வரைக்கும் நிற்பார். குரல் வந்ததும் செய்வார். சோறு என்றால் சோறு. பருப்பு என்றால் பருப்பு. வாளியைப் பார்ப்பதுகூட இல்லை.

சாம்பாருக்குப் பிறகு ஒரு பெரியவர் இலையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“ஏனுங்க, அப்பளம் இல்லீங்களா?”

அப்பளம் இருந்தது. பொரித்து, கூடை நிறைய, சென்னியப்பனின் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது. வந்ததிலிருந்து மூன்று தடவை அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்திருக்கிறார். ஓர் இலையிலும் அப்பளம் இல்லை.

“அம்மா அப்பளம்னு சொல்லலீங்களே,” என்றார் சென்னியப்பன்.

சொல்லி முடித்ததும் அவர் காதில் அது விழுந்தது. கூடையை எடுத்த கை அப்படியே நின்றது.

“ஆமா,” என்றார் தவமணி. “நான் சொல்லல.”

அன்று வண்டியில் வீடு திரும்பும்போது சென்னியப்பனுக்குத் தனக்குத்தானே சிரிப்பு வந்தது. பதில் கிடைத்துவிட்டது. நோட்டுதான் கேடு. கட்டம் போட்டுக் கொடுத்ததால்தான் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டது. இது ஏன் இத்தனை நாள் புரியவில்லை?

திங்கட்கிழமை காலையில் மிருதுளாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். தெருவில் குப்பை வண்டி நின்றது. பிளானரை அதில் போட்டார். வண்டி திருப்பம் தாண்டியதும் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது.

சாயங்காலம் மிருதுளா புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு மேசையைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கடைசியில் அப்பாவிடம் வந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அப்போதுதான்.

“அப்பா, எம் நோட்டு எங்கீங்க?”

“இனிமே அது வேண்டாஞ் சாமி. அப்பா குப்பை வண்டில போட்டுட்டேன். டிக்கும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். நீ பாட்டுக்கு இரு.”

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தார். மலரவில்லை.

“அதுல ஒரு பக்கங்கூட நான் காலியா உடலியே.”

“அதுதான் எனக்கும் கோபம். செய்யாமயே டிக் அடிச்சா அது பொய்யில்லையா?”

“பொய் இல்லீங்கப்பா.” மிருதுளாவின் உதடு கோணியது. “காலியா உட்டா பக்கம் நல்லாவே இல்ல. நடுவுல ஓட்டை உழுந்தாப்பல இருக்குது. நீங்க எவ்வளவு நேரம் உக்காந்து ஒட்டுனீங்க. அதனாலதான் எல்லாத்துலயும் ஊதாக் கலர்ல போட்டேன்.”

சென்னியப்பன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வண்டி எங்க போவும்?”

“ஊருக்கு வெளிய, குப்பை மேட்டுக்கு.”

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வந்தது. அவர் மனைவி பூங்கொடி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. புதன்கிழமை ஈரோட்டுக்கு ஒரு வேலையாகப் போனவர், பெரிய கடையில் ஏறி இறங்கிப் புது பிளானர் ஒன்று வாங்கி வந்தார். அட்டையில் கொம்பு வைத்த வெள்ளைக் குதிரை. சின்னதாகப் பூட்டு, சாவி. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் மினுமினுப்பு. விலையைப் பூங்கொடியிடம் குறைத்துத்தான் சொன்னார்.

“தேங்க்ஸ்ப்பா,” என்றாள் மிருதுளா. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்தாள். வியாழக்கிழமை டிபன் பாக்ஸைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸை எடுத்து வந்தாள், புத்தகப் பையை விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பூங்கொடி ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். மிருதுளாவை வீட்டில் தனியாக விட முடியாது. சென்னியப்பன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோப்புக்கு வந்தார். அவள் உள்ளே வர மாட்டேன் என்றாள். ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை எல்லாரும் கலைந்து போகிற வரைக்கும்கூடச் சென்னியப்பனுக்குப் பொறுமை இல்லை. மற்றவர்கள் எழுந்ததும் எழாததுமாகத் தவமணியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க காமிச்ச மாதிரியே பண்ணினேன். தலைகீழாப் போச்சுங்க.”

“நான் என்னங்ணா காமிச்சேன்?”

“போன வாரம் பந்தில. நோட்டு வேண்டாம்னு.”

“நான் பரிமாறச் சொன்னேன். அப்பளம் உட்டுப்போச்சு.”

சென்னியப்பன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“அப்ப நோட்டத் தூக்கிப் போடச் சொல்லலீங்களா நீங்க?”

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டனுங்க. அவ அழுதா. அழுதது எனக்குத் தெரியக்கூடாதுன்னு குழாயத் தொறந்து உட்டுட்டு அழுதா. அந்த டிக் பொய்யே இல்லீங்கம்மா. நான் ஒட்டுன அன்னத்துக்குப் பக்கத்துல கட்டம் காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு போட்டாளாம். அத நான் பொய்யின்னு கைய ஓங்குனேன்.”

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரின்னு புதுசு வாங்கிக் குடுத்தேன். கடைலயே அதுதான் ஒசத்தி. பூட்டு சாவியெல்லாம் இருக்குது. தொட மாட்டேங்கறா. குடுத்தேன், அப்பயும் தப்பு. எடுத்தேன், அப்பயும் தப்பு. மறுபடி குடுத்தேன், அதுவும் தப்பு. பூங்கொடியக் கேட்டா எனக்குத் தெரியாதுங்கறா. மிஸ்ஸக் கேட்டா, வயசு வந்தாச் சரியாப் போவுங்கறாங்க. வாட்சப் குரூப்புல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் சாமான் எல்லாத்துலயும் பேரு எழுதி ஒட்டச் சொல்றாரு. நேத்து மண்டபத்துல சமையல்காரரக்கூடக் கேட்டுட்டனுங்க.”

“அவரு என்ன சொன்னாரு?”

“கன்னத்துல ஒரு அப்பு அப்பச் சொன்னாரு.”

தவமணி தலையசைத்தார். வெளியே ஒரு மட்டை விழுந்தது. சென்னியப்பன் சட்டென்று எட்டிப் பார்த்தார். மிருதுளாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்டை தூரத்தில்தான் விழுந்திருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்ணில் நீளக் கழுத்தோடு எதையோ வரைந்து, அதற்குச் சிறகு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பு பக்கத்தில் கிடந்தது. இன்னொன்றைக் காணோம்.

சென்னியப்பன் மறுபடி திரும்பி உட்கார்ந்தார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

“சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. நீங்க எதச் சொன்னாலும் செஞ்சர்றேன். எம் புள்ளைக்கு அந்த நோட்டு வேணுங்களா, வேண்டாங்களா?”

தவமணி அவரைப் பார்த்தார். பிறகு, அவர் தோளுக்கு மேலாக, தென்னை மரத்தடியைப் பார்த்தார்.

“அத ஏனுங்ணா என்கிட்டக் கேக்கறீங்க?”