காற்றில் தொங்கிய கிளிப்

இந்தக் கதையில் தலை நரைத்திருந்தது சீடருக்குத்தான்.

செம்புலிங்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கிறுக்குப் பிடித்துவிடும் என்று, தூத்துக்குடியில் காதுக்கருவி பழுதுபார்க்கும் எஸ்தரிடம் தொழில் படிக்க வந்தார். எஸ்தருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவள் முதலில் கற்றுக்கொடுத்தது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள. பட்டையிலிருந்து ஒரு வயர் போகும். அதன் நுனியிலுள்ள கிளிப்பை மேசையின் எர்த்துக் கம்பியில் மாட்ட வேண்டும். நடந்தாலும் சட்டை உரசினாலும் உடம்பில் ஏறிக்கொள்ளும் மின்சாரம் அந்த வழியே பூமிக்குப் போய்விடும். மாட்டாவிட்டால் அது கருவிக்குள் இருக்கும் கடுகளவு மின்னணுச் சில்லின் மேல் பாயும்.

ஒருநாள் ரஹ்மத், காது கேளாத தன் சின்ன மகள் ஷிபானாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் செம்புலிங்கம் சரிசெய்து கொடுத்த கருவி.

"கொஞ்ச நாள் நல்லாத்தான் கேட்டுச்சு. அப்புறம் கூப்பிட்டா திரும்பவே இல்ல. திமிருன்னு நெனச்சு அடிச்சிட்டேன். கருவி செத்துப்போனது எனக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு அழுதாள். அம்மா எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

எஸ்தர் கருவியைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பட்டை கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"கிளிப்பு?"

அவர் தரையைப் பார்த்தார். "மாட்டல. சும்மா தொங்கவிட்டேன்."

"ஏன்?"

"கூட வேல பாத்தவன் சொடலைமுத்து. கம்பத்துல கை லைன்ல இருக்கையில முழங்கால் இரும்புல பட்டுட்டு. அவ்வளவுதான். உடம்புல எர்த்து பட்டா சாவுன்னு படிச்சவன் நான். அத நானே கட்டிக்கிடணும்னா கை வரமாட்டேங்கு டீச்சரம்மா."

எஸ்தர் கருவியை மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆனா விரல்ல சுருக்குன்னுகூடத் தெரியலையே. அப்புறம் எப்படி?" என்று அவரே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுறதுக்கு ரொம்ப முன்னாடியே சில்லுக்கு அடிபட்டுரும் அண்ணாச்சி. உடனே சாகாது. கொஞ்ச நாள் வேலை செஞ்சிட்டுத்தான் சாகும்."

பிறகு ஒரு புதுப் பட்டையை எடுத்து, வயர் முனையிலிருந்த ரப்பர் உறையை பிளேடால் கீறினாள். உள்ளே அரிசியளவில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது.

"இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"கரண்டை மட்டுப்படுத்த."

"சில்லைக் காப்பாத்த வெறும் வயரே போதும். தவறிப்போய் லைன்ல கை பட்டாலும் ஆளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு இத வச்சிருக்காங்க."

செம்புலிங்கம் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இத எனக்கு யாரும் சொல்லலையே."

"நான்தான் சொல்லியிருக்கணும்."

அவள் வேறொரு பட்டையையும், புதிய சில்லையும், ஷிபானாவின் கருவியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"மறுபடியும் நானா?"

"நீங்கதான்."

அவர் பட்டையைக் கட்டினார். கிளிப்பை எடுத்த கை எர்த்துக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஷிபானா மேசை விளிம்பில் மோவாயை ஊன்றி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் போகலையே டீச்சரம்மா."

"போகவேண்டாம் அண்ணாச்சி. இத்தன வருஷமும் உங்களுக்காகப் பயந்தீங்க. இன்னைக்கு இந்தப் பிள்ளைக்காகப் பயப்படுங்க."