சாம்பலைப் பெருக்கிய ராஜா

பூமி என்று ஒன்று உருண்டு திரளாத காலம். அப்போதும் ஒரு ராஜா இருந்தார். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வானத்தில் சுருள்சுருளாக ஒரு நாடு. குடிமக்கள் எல்லாரும் நட்சத்திரங்கள். ராஜா பெயர் ஒளிமாறன். அங்கே மூத்தவர்கள் செத்தால் சாம்பலை ஊதிவிட்டுப் போவார்கள். அதை யாரும் தொடுவதில்லை. அது வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் நாட்டின் குறுக்கே கரிக்கோடு.

பக்கத்து நாட்டு மைத்துனன் ஓலை அனுப்பினான். "மச்சான், விருந்துக்கு வருகிறேன். ஊர் முகத்திலிருக்கும் கரியைக் கழுவி வையும். வெள்ளை வேட்டியில் வருகிறேன்."

ராஜாவுக்கு மானம் போயிற்று. மந்திரவாதியிடம் ஓடி மாய விளக்குமாறு வாங்கினார். ஒருமுறை வீசினார், தெரு பளபளத்தது. இருமுறை வீசினார், அரண்மனை பளபளத்தது. மூன்றாம் முறை நாடே பளபளத்தது. விளக்குமாறு நிற்கவில்லை. தானே பெருக்கிக்கொண்டு போயிற்று.

மைத்துனன் வந்தான். "அடேயப்பா, கண்ணு கூசுதே மச்சான்!"

ராஜா மீசையைத் தடவினார். மருத்துவச்சி வேம்பாயி ஓடிவந்தாள். ராணி பவளவல்லிக்கு அன்று பிரசவம்.

"மகாராசா, ராணி கொதிக்கிறாங்க. பிள்ளை திரளலை. சாம்பல் எங்கே?"

"அந்த அழுக்கு எதுக்கு?"

"அழுக்கா? நம்ம பிள்ளைங்க ஆவியாத்தான் வரும். சாம்பல் நிழல்ல ஆவி குளிரும். குளிர்ந்தா திரளும். திரண்டாத்தான் பிள்ளை. நீங்களும் அப்படிப் பொறந்தவர்தானே! உங்க அப்பா செத்தப்போ ஊதின சாம்பலும் அதுலதானே கிடந்துச்சு!"

மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோ திருடிட்டாங்க" என்றார் ராஜா.

உள்ளே ராணி அலறினாள்.

ராஜா தலை தொங்கிப்போயிற்று. "இல்லை. நான்தான். நான்தான் பெருக்கி எல்லைக்கு வெளியே தள்ளினேன்."

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். ராஜா விளக்குமாற்றைத் துரத்திப் பிடித்து முழங்காலில் வைத்து முறித்தார். மந்திரம் செத்தது. எல்லைக்கு ஓடினார். ஒரு கூடை சுமந்தார். இரண்டு கூடை சுமந்தார். மூன்றாவது கூடையில் கால் தடுமாறியது. நாடே பார்க்க, அப்பன் சாம்பல் முகத்தில் வழிய நடந்தார்.

வேம்பாயி சாம்பலைத் திரையாக விரித்தாள். உள்ளே குளிர்ந்தது. திரண்டது. செக்கச்செவேலென்று ஒரு பெண் பிள்ளை வீறிட்டது.

ராஜா வேம்பாயி காலில் விழுந்தார். "இனி சாம்பலுக்கு நீதான் அதிகாரம். நானே உன்னைக் கேட்டுத்தான் தொடுவேன்."

பிறகு வாசலிலேயே நின்றார். உள்ளே போகக் கூசிற்று. கையைத் துடைக்கத் துணி தேடினார்.

"துடைக்காதீங்க" என்றாள் ராணி. அந்தக் கரிக் கையிலேயே பிள்ளையை வைத்தாள்.

அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். எழுந்து போங்கள்.