குதிகால் யாருடையது?

இதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவிலில் சங்கரலிங்கம், கோமதிநாயகம் என்று இரட்டையர்கள். பத்து நிமிடம் முன்னால் பிறந்தது யார் என்ற தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று மூண்ட சண்டை அது. பெற்றவளும் பிரசவம் பார்த்தவளும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால் சாட்சிக்கு ஆளில்லை. சங்கரலிங்கம் தெருவே கேட்கச் சபதம் போட்டார்.

"இனிமே என் கால் ஒன் வாசப்படிய மிதிக்காதுலே. ஒன் மயிரு ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்!"

அவர் தலையில் அப்போதே மருந்துக்குக்கூட முடி கிடையாது. புழுவெட்டு வந்து புருவம் வரை கொட்டிப்போயிருந்தது. தம்பிக்கோ சீப்பு முறிகிற அடர்த்தி. (இது சங்கரலிங்கம் பக்கம் நிற்கும் கதை, அதனால் தம்பி என்றே சொல்வோம்.)

பிறகு சங்கரலிங்கத்துக்கு வலது குதிகாலில் சர்க்கரைப் புண் வந்தது. இரண்டு வருடம் ஆறவில்லை. காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து அழுதார். டாக்டர் பெனாசிர் ஒரு வழி சொன்னார். முடியை வேரோடு பிடுங்கினால் வேரைச் சுற்றிய உறையில் ஸ்டெம் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வுக்கூடத்தில் சில வாரம் வளர்த்தால் மெல்லிய தோலாகும். அதைப் புண்மேல் ஒட்டலாம். ஆனால் சொந்த முடியாக இருக்க வேண்டும்.

"ஒரே கருவுல உண்டான இரட்டையர்னா பரவாயில்ல. உங்க செல் எது, அவர் செல் எதுன்னு உடம்புக்கே தெரியாது."

மனைவி உலகம்மை யாரையும் கேட்காமல் கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள். அவர் வந்து பின்மண்டையிலிருந்து அறுபது முடி கொடுத்தார். அறுபது தடவை 'ஆ' என்றார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சங்கரலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். புண் மூடியது.

ஆறு மாதம் கழித்து, கோமதிநாயகத்தின் மகள் ஆவுடைக்கு வீட்டில் நிச்சயதார்த்தம். சங்கரலிங்கத்தின் தோளில் வளர்ந்தவள். "பெரியப்பா வந்தாத்தான் தட்டு மாத்தணும்" என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா என்ற அந்த ஒரு சொல்லில் மனுஷர் உருகிப்போனார். போகாவிட்டால் பிள்ளையின் முகம் வாடும். போனால் தெருவே சிரிக்கும்.

தம்பி வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்கி, வலது காலின் விரல்களைத் தூக்கி, குதிகால் மட்டும் படும்படி படியில் நொண்டியடித்து ஏறினார்.

"இது அவன் தோலு. என் கால் படல!"

"ஆமா, என் தோலு என் வீட்டுக்கு வருது. சபதம் அப்படியே நிக்கி" என்றார் கோமதிநாயகம்.

விருந்துக்கு வந்திருந்த டாக்டர் பதறினார். "உங்க உடம்பு ஏத்துக்கிட்டதால அது உங்க கால்தான். சபதம் இப்ப முறிஞ்சுபோச்சு, காலை ஒழுங்கா ஊனுங்க!"

"இப்ப முறியல. அது முறிஞ்சு ஆறு மாசத்துக்கு மேலாச்சு" என்றாள் உலகம்மை.

தட்டுகள் காத்திருக்க, குதிகாலில் ஆடிக்கொண்டு நிற்கிறார் சங்கரலிங்கம். தம்பி, டாக்டர், உலகம்மை, இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: உலகம்மை. மற்ற இருவரும் தோல் யாருடையது என்று வழக்காடினார்கள். அவள் சபதத்தை முழுதாக நினைவில் வைத்திருந்தாள். மயிர் ஒன்றுகூட வேண்டாம் என்றவர் அறுபதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அன்றே அது முறிந்துவிட்டது. இடது காலும் தாராளமாக வரலாம். அவள் இதை எடுத்துச் சொன்னதும் சங்கரலிங்கம் நிலைதடுமாறினார். பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்த கோமதிநாயகம் பதற்றத்தில், "பாத்துண்ணே!" என்றார். சங்கரலிங்கம் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். "இன்னொரு தடவ சொல்லுலே" என்றார்.