திரைக்குப் பின்பக்கம்

நூற்பாலை வாசலில் இருளாண்டி கூப்பிட்ட கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை.

பிரசவத்துக்கு லீவு கேட்ட குற்றத்துக்காகக் குருவம்மாளை வேலையை விட்டு விரட்டியிருந்தார்கள். அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் கூட்டம். அது தெரிந்தே, அதே மாலையில் ஆலை மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டி இலவசப் படம் காட்டினான் முதலாளி. குருவம்மாளே படத்துக்குப் போய்விட்டாள்.

தொழிற்சங்கத்துக்காக மேடை மேடையாகத் தொண்டையைத் தேய்த்த பிறகு, தன்னைவிட இளையவரான சௌந்தரவல்லி அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தவர் இருளாண்டி. வயிறெரிய அவரிடம் போய் நின்றார்.

"வாழ்க்கையில தேட வேண்டிய சந்தோஷத்தைத் துணியில ஆடுற நிழல்ல தேடுதுங்களே அம்மா. இந்த ஜனத்துக்காகவா நான் ஜெயிலுக்குப் போனேன்? அந்தத் துணியைக் கிழிக்காம விட மாட்டேன்."

"எந்தப் பக்கத்துல இருந்து கிழிப்பீங்க அண்ணே?"

கேட்டுவிட்டு, ஒரு பாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார் அம்மையார். இருளாண்டியும் கூடவே போனார்.

துணிக்கு முன்னால் நாற்காலிகள். அவற்றில் மேஸ்திரிகளும் ஆபீஸ்காரர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். மெஷினில் நிற்கும் பெண்களுக்கு எப்போதும் துணிக்குப் பின்னால்தான் இடம். அம்மையாரும் அங்கேதான் பாயை விரித்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் அடித்தான். அதற்கும் விசில் பறந்தது. பச்சைப்பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு குருவம்மாளும் கைதட்டினாள்.

இருளாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனவிலும் உங்களுக்குப் பின்பக்கம்தானா, அதற்கு ஒரு கைதட்டலா என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

குருவம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இங்க நியாயம் ஜெயிக்குதுண்ணே. உங்க கூட்டத்துல எப்பவும் நாம தோத்த கதைதான்."

அம்மையார் எழுந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கம் போய், நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் விரித்து உட்கார்ந்தார். கதாநாயகனை நேராகப் பார்க்கும் ஆசையில் குருவம்மாள் பின்னாலேயே போனாள். அப்புறம் அவள் பக்கத்திலிருந்த பேச்சி. அப்புறம் எல்லாரும். கடைசியாக வந்த இருளாண்டி அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேஸ்திரி ஒருவன் எழுந்து படத்தை நிறுத்தச் சொன்னான். நேராகக் குருவம்மாளிடம் வந்தான்.

"உனக்கு இந்த மில்லுல வேலையே இல்ல. எந்திரி."

அவள் பிள்ளையை வாரிக்கொண்டு எழப் போனாள். பேச்சி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அவ எந்திரிச்சா நாங்க எல்லாரும் எந்திரிக்கிறோம் மேஸ்திரி. காலையில மெஷினை உங்க வீட்டம்மாவை ஓட்டச் சொல்லுங்க."

நாற்காலிகள் நெளிந்தன. தரையில் ஒருத்தியும் அசையவில்லை. மேஸ்திரி குரலை இறக்கினான். முதலாளியிடம் பேசிப் பார்ப்பதாகவும், காலையில் எப்போதும்போல் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னான். குருவம்மாளையும் கூட்டிக்கொண்டுதான் வருவோம் என்றாள் பேச்சி. இப்போது படத்தைப் போடச் சொன்னாள்.

படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆயுள் முழுக்க இருளாண்டி காத்திருந்த கூட்டம் இது. அவர் துள்ளி எழுந்து, முஷ்டியை உயர்த்தி, பேச வாயைத் திறந்தார்.

அம்மையார் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க அண்ணே. மறைக்குது."