விடுமுறை வந்தால் தாழ்ப்பாள்

இருட்டினால் போதும், அரசு மகளிர் கல்லூரி விடுதியில் கரகரவென்று வாளி இழுபடும். குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை; நிறைந்த வாளிதான் முட்டு. போன வாரம் சுவரேறி வந்தவன் ஒருவன் அதையும் தள்ளிப் பார்த்துவிட்டான்.

"ரிப்பேரெல்லாம் விடுமுறையிலதான்," என்றார், தாழ்ப்பாள் கேட்டு வந்தவர்களிடம் முதல்வர் குணபூஷணம்.

"வருஷம் முழுக்க வகுப்புன்னு விடுமுறையையே ரத்து பண்ணிட்டீங்களே, மேடம்?" என்றாள் மாணவி ரெஜினா.

"அப்ப நீயே ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டா!"

விடுமுறையில்லாத கல்லூரியைப் பாராட்ட வந்த கல்லூரிக் கல்வி இயக்குநரம்மா, முகம் கழுவ இடம் கேட்டார். ரெஜினா விடுதிக்கே கூட்டிப்போய், பணிவாக வாளியை நீட்டினாள்.

"முட்டுக் கொடுத்துக்கோங்க மேடம். விடுமுறை வந்தாத்தான் தாழ்ப்பாளாம். அந்த விடுமுறையை என்னையே கண்டுபிடிச்சுட்டு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட ஏதும் இருக்கா?"

இயக்குநர், பின்னாலேயே வந்திருந்த முதல்வரைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலமே தச்சர் வந்து, இயக்குநர் நுழைந்த அந்த ஒரு கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு விடுதி முழுவதும் அந்த ஒரே கதவின்முன் வரிசையில் நின்றது. ரெஜினா உள்ளே போய், வாளியை இழுக்காமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.