துறையில் தொங்கிய பிடரிமுடி

காட்டுக் குளத்தை ஒட்டி வாழ்ந்த புள்ளிமான்களுக்கு வளைகொம்பன் என்ற மான் ராசாவாக இருந்தான். அந்த மான்கள் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மலைக்கு அப்பால் இருந்த சிங்கம்தான் அவனை ராசாவாக்கியது. அவன் தாய் புள்ளிமான், தகப்பன் கடமான். அதனால் பாதி உடம்பில்தான் புள்ளி. இவன் நம்மவனா, அந்நியனா என்று மான்களுக்குக் குழப்பம். அவனுக்கே அந்தக் குழப்பம் இருந்தது, பாவம்.

அந்த மான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் குடித்த பிறகுதான் பெரியவை தண்ணீரில் வாய் வைக்கும். குடிக்கிற துறையில் ஊன் வாடை வீசவே கூடாது.

இதெல்லாம் தெரிந்தும் வளைகொம்பன் ஒரு காரியம் செய்தான். சிங்கத்தின் மனத்தைக் குளிர்விக்க, அது உதிர்த்த பிடரிமுடியைப் பொறுக்கிவந்து துறையிலிருந்த நாவல் மரத்தில் தொங்கவிட்டான். ஊன் தின்னும் சிங்கத்தின் வாடை குப்பென்று அடித்தது. குட்டிகள் தலைதெறிக்க ஓடின. அவை குடிக்காததால் பெரியவையும் குடிக்கவில்லை.

மருதி என்ற பெண்மான் தன் குட்டியை முகத்தால் தள்ளிக்கொண்டு ராசாவிடம் வந்தாள். குட்டியின் கால்கள் துவண்டன.

"ராசா, அந்த முடியை எடுத்துருங்க. புள்ள துறைப் பக்கமே வரமாட்டேங்குது."

"எடுத்தா சிங்கம் கோவிச்சுக்கும். எடுக்காட்டி நீங்க கோவிச்சுக்கிறீங்க. நான் என்னதான் பண்றது?"

"புள்ள செத்துப்போயிரும், ராசா."

மறுநாள் காலையில் வளைகொம்பன், எடுத்துவிடலாம் என்றான். மதியம் வேண்டாம் என்றான். மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் கோபம் வந்து, கொம்பால் முட்டி மந்தையைத் துறைக்குள் விரட்டினான். நெரிசலில் சில மான்கள் மிதிபட்டுச் செத்தன. ஒரு மான்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை. இப்படியும் ஒரு ராசா!

மான்கள் கூடிப் பேசின. பேசப் பேசக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் எல்லாம் சிங்கத்திடமே போய் நின்றன. யாரிடம் போகிறோம் என்று தாகத்தில் யாரும் யோசிக்கவில்லை. வளைகொம்பனும் பின்னாலேயே ஓடினான்.

"இந்த ராசா எங்களுக்கு வேணாம். நீங்களே நேரா ஆண்டுக்குங்க" என்றாள் மருதி.

"உங்க பெருமைக்காகத்தானே முடியை மாட்டினேன்!" என்று வளைகொம்பன் அழுதான்.

சிங்கம் கொட்டாவி விட்டது. "நான் எப்ப மாட்டச் சொன்னேன்? எனக்கு வேண்டியது மந்தையில சத்தமில்லாம இருக்கிறது. அதுகூட உன்னால முடியல."

வளைகொம்பனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புல் முளைக்காத பாறைக் காட்டுக்குத் துரத்திவிட்டது. பிறகு மான்களைப் பார்த்து, "நீங்க கேட்டபடியே ஆகட்டும். இனி என் ஆளே உங்களைப் பார்த்துக்குவான்" என்றது.

மான்கள் சந்தோஷமாகத் திரும்பின. நாவல் மரத்தில் பிடரிமுடி இல்லை. அது தொங்கிய கிளையில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது.

"தாராளமா குடிங்க. குட்டிங்கதானே முதல்ல குடிக்கும்?" என்று கேட்டது சிறுத்தை.

"அம்மா, போகட்டுமா?" என்றது குட்டி.

தன் கூட்டத்தை மிதித்து மேலிடத்தைக் குளிர்விக்கிறவன் இரண்டு இடத்திலும் நிலைக்கமாட்டான். அவனை விரட்ட அந்த மேலிடத்தையே கூப்பிடுகிறவர்கள் அவனைவிடக் கொடியவனைத் தேடிக்கொள்வார்கள்.