இருபத்தைந்து நாள் பஸ்

“ரெண்டுல எதும்மா?” என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

பத்து வருஷமாக மடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். மடத்தம்மாவைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் குருவாயிற்றே என்று அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன ரெண்டு, அக்கா?”

“மார்புல கட்டி. புற்றுதான்னு சொல்லிட்டாங்க. முழு மார்பையும் எடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமாம். கட்டியை மட்டும் எடுத்தா, புண் ஆறின பிறகு அஞ்சு வாரம் தினம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டு வச்சுக்கணுமாம், கதிர் வைத்தியம்ங்கறாங்க. இருபத்தஞ்சு நாள்.”

“டாக்டரம்மா எது நல்லதுன்னாங்க?”

“என் கட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதானாம். எதைச் செஞ்சாலும் உசுருக்கு ஒரே நம்பிக்கைதானாம். நீயே யோசிச்சு வெள்ளிக்கிழமை வந்து சொல்லுன்னுட்டாங்க.”

“வீட்டுல?”

“முழுசா எடுத்துட்டு வந்துடு, நீ தினம் பஸ் ஏறிட்டா மாட்டுக்கு யார் தண்ணி காட்டுறதுங்கறார் அவர். சோறு யார் வடிக்கிறதுங்கறாங்க அத்தை.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கு அசதியா இருக்கும்மா.”

மடியிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் மல்லி. இன்னொன்றில் சிவப்பு ரோஜா. வெள்ளை வந்தால் முழுசு. சிவப்பு வந்தால் கட்டி மட்டும்.

“கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்துக் குடுங்க. சாமி விட்ட வழி.”

மடத்தம்மா கண்ணை மூடவில்லை. இரண்டையும் பிரித்தாள். மல்லியையும் ரோஜாவையும் சேர்த்து முத்துப்பேச்சியின் கொண்டையில் செருகினாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“விளையாடுறீங்களாம்மா?”

“நாளைக்குக் காலையில பஸ் ஏறுங்க. கரண்டு வைக்கிற இடத்து வாசலைத் தொட்டுட்டுத் திரும்பி வாங்க. அப்புறம் சொல்றேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

மறுநாள் சாயங்காலம் முத்துப்பேச்சி வந்தாள். கொண்டை ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. ரோஜாவில் பாதி இதழ் இல்லை.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“போக ரெண்டு மணி. வர ரெண்டு மணி.”

“கஷ்டமா இருந்துதா?”

அவள் படியில் உட்கார்ந்தாள்.

“ஜன்னல் சீட்டு கெடைச்சுது. ஏ பேச்சின்னு ஒருத்தர்கூட கூப்பிடலை. வர்றப்போ தூங்கிட்டேன். நம்ம ஊர் தாண்டினப்புறம்தான் கண்டக்டர் எழுப்பிவிட்டார். நடந்து வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்.”

“மாடு?”

“அவரே தண்ணி காட்டினாராம். முறைச்சுக்கிட்டேதான் காட்டியிருப்பாரு. மாடு குடிச்சிருக்கு.”

மடத்தம்மா சிரிக்கவில்லை.

“கரண்டு வைக்க வைக்க அசதி ஜாஸ்தியாகும்னு அங்க ஒரு நர்சு சொல்லுச்சு” என்றாள் முத்துப்பேச்சி.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அசதி எனக்கென்ன புதுசான்னேன்.”

மடத்தம்மா முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

“சரி. ரெண்டுல எதுன்னு இப்போ சொல்லட்டுமா?”

முத்துப்பேச்சியின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கிழமைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு குறைதாம்மா” என்றாள். “சனியும் ஞாயிறும் கரண்டு வைக்க மாட்டாங்களாம்.”